ஸ்னோஷூ மாட்டிக்கிட்டு ஓட்டப்பந்தயமா? வாசகர் கேள்வி, பதில்

போன இதழ்ல ஏதோ பேச்சுவாக்குல "ஞாயித்துக்கிழமை ஸ்னோஷூ ரேஸ் ஓடிட்டு வந்து முதுகு பிடிச்சுக்கிச்சு"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப் பேர் கேட்டது "அப்படின்னா என்னங்க?"ன்னு. முறத்தைக் கால்ல கட்டிக்கிட்டு நடக்கிறதை நினைச்சுக்குங்க, அதான். ஷூவுக்கு அடியில அகலமா ஒரு சட்டம், அதனால உடம்பு வெயிட் பரவி கால் பனிக்குள்ள புதையாம நிக்கும். கனடாவோட ஆதிகுடி மக்கள் ஆஷ் மரத்தை ஆவியில வளைச்சு, கரிபூ மான் தோல்வாரைக் குறுக்க நெடுக்கப் பின்னி இதைச் செஞ்சாங்க, அது இல்லன்னா குளிர்காலத்துல வேட்டையே கிடையாது. இப்ப அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தாச்சு. அதை மாட்டிக்கிட்டு ஓடவும் ஆரம்பிச்சாச்சு. மான்ட்ரியால்ல 1840-கள்லயே இதுக்குன்னு கிளப் வச்சு ரேஸ் விட்டிருக்காங்க, அதனால புதுப் பைத்தியம்னு சொல்ல முடியாது.

பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டிருக்கீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கூட வேலை பாக்கிறவர் பிப்ரவரில நடக்கிற 5 கிலோமீட்டர் ஸ்னோஷூ ரேஸுக்கு என் பேரையும் சேர்த்துக் குடுத்துட்டார். ரோட்ல 10 கிலோமீட்டரை 58 நிமிஷத்துல ஓடுவேன். ஆனா ஸ்னோஷூவைக் கடையில தொங்கறப்ப பாத்ததோட சரி. சமாளிச்சிடுவேனா?
- வாசகர், ஆட்டவா

சமாளிப்பீங்க, ஆனா அந்த 58 நிமிஷத்தை இன்னிக்கே மறந்துடுங்க. நான் ரோட்ல 5 கிலோமீட்டரை 28 நிமிஷத்துல முடிக்கிற ஆளு, முதல் ஸ்னோஷூ ரேஸ்ல அதே தூரத்துக்கு 47 நிமிஷம் ஆச்சு, அதுவும் நல்லா அமுங்கின பனியில. ராத்திரி புதுசாப் பனி கொட்டியிருந்தா இன்னும் மோசம். ஒரே ட்ரெயில், ஒரே ஆளு, ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்து நிமிஷம் வித்தியாசம் வரும். அதனால வாட்சை ஸ்லீவுக்குள்ள தள்ளிடுங்க, மூச்சைக் கவனிங்க. பக்கத்துல ஓடுறவங்ககிட்ட ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியுதா, அதான் முதல் ரெண்டு கிலோமீட்டருக்கு உங்க ஸ்பீடு.

எல்லாரும் பண்ற தப்பு ஸ்டார்ட்லதான். ஒரு பெரிய திறந்த மைதானத்துல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு விடுவாங்க, கொஞ்ச தூரம் போனதும் பாதை காட்டுக்குள்ள ஒத்தையடியா மாறிடும், அதுக்குள்ள முன்னாடி போயிடணும்னு எல்லாரும் பேய் மாதிரி ஓடுவாங்க. நானும் ஓடினேன். காட்டு வாசல்ல போய் நிக்கிறப்ப வாயில ரத்த ருசி அடிச்சுது, மிச்ச நாலு கிலோமீட்டரும் தண்டனைதான். நீங்க நடுவுல இல்லன்னா பின்னாடி நில்லுங்க. முன்னாடி போறவங்க மிதிச்சு மிதிச்சு பாதையை உங்களுக்கு ரோடு மாதிரி ஆக்கிக் குடுத்திடுவாங்க, ஓசில கிடைக்கிற ரோடை ஏன் விடணும்.

ஒத்தையடியில ஒருத்தரை முந்தணும்னா அமுங்காத பனியில கால் வைக்கணும், முட்டி வரைக்கும் போகும், இருபது அடி அப்படி ஓடினாலே அரை கிலோமீட்டர் தெம்பு காலி. அதனால அகலமான இடம் வர்ற வரைக்கும் அவர் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போங்க. உங்களை யாராவது முந்த வந்து "ட்ராக்!"னு கத்தினா கோச்சுக்காதீங்க, ஒரு ஓரமா நின்னு வழி விடுங்க, அதுதான் அங்க மரியாதை.

ஓடுற விதம்: கால் ரெண்டையும் வழக்கத்தைவிட ஒரு விரக்கடை தள்ளி வைங்க, எட்டு சின்னதா, முட்டி கொஞ்சம் தூக்கி. ஏத்தத்துல முன்னங்காலைக் குத்தி ஏறுங்க, ஷூவுக்கு அடியில இரும்புப் பல்லு இருக்கும், அது கவ்விக்கும். இறக்கத்துல பயந்து பின்னாடி சாஞ்சீங்கன்னா உக்காந்த மேனிக்கு வழுக்கிட்டுப் போவீங்க, முட்டியை மடக்கி லேசா முன்னாடி சாஞ்சு விட்டுடுங்க. பின்னாடி மட்டும் நடக்கவே கூடாது. ஷூவோட பின் நுனி, அதாவது வால், பனியில குத்திக்கும், மல்லாக்க விழுவீங்க. போட்டோ எடுக்கிறவர் "கொஞ்சம் பின்னாடி போங்க சார்"னு சொன்னார்னு நான் விழுந்திருக்கேன்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஸ்ட்ராப். எனக்கு ரெண்டாவது கிலோமீட்டர்ல இடது கால் ஸ்ட்ராப் கழண்டுடுச்சு, கிளவுஸோட மாட்ட வரல, கழட்டினேன், மைனஸ் 17. ஒன்றரை நிமிஷ வேலைதான், ஆனா விரல் மரத்துப் போய் அதுக்கப்புறம் உயிர் வர்றப்ப வலிச்சுது பாருங்க, ஓட்டத்துல பட்ட எந்த வலியும் அந்த வலிக்குப் பக்கத்துல வராது. தப்பு ஷூ மேல இல்ல. மிச்ச வாரைச் சொருகாம விட்டிருந்தேன், இன்னொரு காலால நானே மிதிச்சுக்கிட்டேன். ரேஸுக்கு முன்னாடி வீட்டு ஹால்லயே கிளவுஸ் போட்டுக்கிட்டு பத்து தடவை மாட்டி மாட்டிக் கழட்டுங்க. மாட்டினதும் அஞ்சு நிமிஷம் ஓடிட்டு திரும்ப ஒருக்கா இறுக்குங்க, ஏன்னா முதல்ல இறுக்கினது எப்பவும் கொஞ்சம் தளரும்.

வாங்கலாமா, வாடகைக்கா? கடையில 70 டாலர்லயும் இருக்கு, 300 டாலர்லயும் இருக்கு, பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.
- வாசகி, வாட்டர்லூ

முதல் ரேஸுக்கு வாடகைதான். பல ரேஸ்ல அன்னிக்கு அங்கேயே வாடகைக்குத் தருவாங்க, ரிஜிஸ்டர் பண்றப்பவே கேட்டு வச்சுக்குங்க.

அப்புறமும் ஆசை போகலன்னா வாங்குங்க, ஆனா மலையேறுறவங்க ஷூவை வாங்கிடாதீங்க. அது பெருசு, மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஆழமான பனியில நடக்கிறவங்களுக்குச் செஞ்சது. ஓடுறதுக்கான ஷூ ஒல்லியா, வால் பக்கம் கூம்பிப் போயிருக்கும், இடது வலது வேற வேறயாவும் இருக்கும், அப்பதான் ஓடுறப்ப உள்பக்கக் கணுக்கால்ல இடிக்காது. ரொம்பச் சின்னதாவும் கூடாது. அமெரிக்க ஸ்னோஷூ சங்கத்து ரூல்படி ஒரு ஷூவோட பரப்பு குறைஞ்சது 120 சதுர அங்குலம் இருக்கணும், அதனாலதான் ரேஸ் ஷூ செய்யறவங்க எல்லாம் அந்தக் கணக்கைத் தொட்டுக்கிட்டே நிக்கிறாங்க, ஒரு கம்பெனி தன்னோட மாடலுக்கு 121-னே பேர் வச்சிருக்கு.

இன்னொண்ணு கவனிக்கணும், கால் மாட்டுற பைண்டிங் எப்படி அசையுதுன்னு. ஒரு வகை கீல் மாதிரி முழுசா சுத்தும், காலைத் தூக்கினா வால் கீழ தொங்கும், மலைக்கு அது நல்லது. இன்னொரு வகையில ரப்பர் மாதிரி ஒரு பட்டை இழுத்துப் பிடிச்சிருக்கும், காலைத் தூக்கினதும் ஷூவும் கூடவே டப்புனு மேல வரும். ஓட இதுதான் வேணும். ஆனா இதுல ஒரு கூத்து, ஒவ்வொரு எட்டுக்கும் வால் பனியை வாரி உங்க பின்பக்கத்துலயே அடிக்கும், ரேஸ் முடியறப்ப பின்னாடி பாத்தா இட்லி மாவுல உக்காந்து எழுந்த மாதிரி இருக்கும். அதனால பின்பக்கம் தண்ணி ஒட்டாத பேன்ட் போடுங்க. உள்ள போடுறதுக்கு சாதாரண ட்ரெயில் ரன்னிங் ஷூ போதும், மேல பனி உள்ள போகாம கணுக்காலை மூடுற கெய்ட்டர் ஒரு ஜோடி. பெரிய பூட்ஸ் போட்டு ஓட முடியாது.

அண்ணை, என்ர மகளுக்கு 14 வயசு, பள்ளிக்கூடத்தால ஸ்னோஷூ ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். அவளுக்குச் சின்னனில இருந்து இழுப்பு இருக்கு, பம்பும் பாவிக்கிறவள். குளிரில விடலாமோ எண்டு பயமாக் கிடக்கு. என்ன உடுப்புப் போட்டு விடுறது எண்டும் சொல்லுங்கோ.
- ஒரு தாய், ஸ்கார்பரோ

அக்கா, முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, இதுல நான் சொல்றது ரெண்டாம்பட்சம். குளிர்காத்து வறண்ட காத்து, வேகமா மூச்சு வாங்கறப்ப மூச்சுக்குழல் சுருங்கும், ஆஸ்துமா இல்லாதவங்களுக்கே இருமல் வரும். ஆனா இழுப்பு இருக்கிறவங்க ஓடவே கூடாதுன்னு இல்ல, நிறையப் பேர் ஓடுறாங்க. ஓடுறதுக்கு முன்னாடி பம்பு, அதான் இன்ஹேலர், எடுக்கணுமா, எத்தனை நிமிஷம் முன்னாடின்னு டாக்டர் சொல்லுவாங்க. திடீர்னு ஓடாம கால் மணி நேரம் மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்கிட்டு ஓடணும். வாயையும் மூக்கையும் மெல்லிசு துணியால மூடிக்கிட்டா உள்ள போற காத்து கொஞ்சம் சூடாகி ஈரமாகும். பம்பை வெளிப் பாக்கெட்ல போடாதீங்க, குளிர்ல சரியா அடிக்காது, உடம்போட ஒட்டின உள்பாக்கெட்ல வைக்கச் சொல்லுங்க. டீச்சருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

உடுப்பு விஷயத்துல நம்ம வீடுகள்ல செய்யற தப்பு, அன்பு ஜாஸ்தியாகி அஞ்சு சட்டை மாட்டி விடுறது. பிள்ளைக்கு வேர்க்கும், வேர்வை உடம்புல ஊறும், நின்ன உடனே அதுவே ஐஸ் ஆகும். உள்ள பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், உல்லன் இல்லன்னா பாலியெஸ்டர், அது மேல மெல்லிசா ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட், முடிஞ்சுது. ஸ்டார்ட் லைன்ல நிக்கிறப்ப லேசா நடுங்கணும், நடுங்கலன்னா ஒண்ணைக் கழட்டுங்க. கைக்கு விரல் விரலா இருக்கிற கிளவுஸைவிட மிட்டன் சூடு. பெரிய கோட்டை நீங்க கையில வச்சுக்கிட்டு பினிஷ் லைன்ல நில்லுங்க, ஓடி முடிச்சு வந்த அடுத்த நிமிஷம் அதைப் போர்த்தி விடுறதுதான் உங்க வேலை, மாத்திக்க ஒரு காஞ்ச பனியனும் எடுத்துட்டுப் போங்க.

வெறும் டெம்பரேச்சரை மட்டும் பாக்காதீங்க, வின்ட் சில் பாருங்க, காத்தும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு குளிரா உறைக்கும்ங்கற கணக்கு. அது மைனஸ் 28-க்குக் கீழ போனா மூடாத தோல் பத்துல இருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போக வாய்ப்பிருக்குன்னு கனடா வானிலைத்துறை சொல்லுது, மைனஸ் 40-க்குக் கீழன்னா பத்து நிமிஷமே ஜாஸ்தி. கன்னம், மூக்கு நுனி வெள்ளையா மாறி உணர்ச்சி இல்லன்னா உடனே உள்ள வந்துடணும், தேய்க்கக் கூடாது. பாட்டி சொன்னாங்கன்னு பனியை வச்சுத் தேய்க்கிறவங்களை நானே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம்.

நான் பெசன்ட் நகர்ல தினமும் ஓடுறவன். அடுத்த ஜனவரில இத்தாலில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன், அங்க பக்கத்துல பெரிய ஸ்னோஷூ ரேஸ் நடக்குதாமே, கலந்துக்க ஆசை. பனியே இல்லாத ஊர்ல எப்படி சார் ப்ராக்டிஸ் பண்றது?
- வாசகர், சென்னை

நீங்க சொல்றது லா சியாஸ்போலாடாவாத்தான் இருக்கும். ட்ரென்டினோ பக்கம் வால் டி நோன்னு ஆப்பிள் தோட்டம் நிறைஞ்ச பள்ளத்தாக்கு, அங்க ஃபோன்டோங்கிற ஊர்ல நடக்கும், 1974-ல ஆரம்பிச்சது. அந்த ஊர் பேச்சுல ஸ்னோஷூவுக்குப் பேரு சியாஸ்போலே, அதான் இந்தப் பேரு. நம்ம ஊர் சர்ச்சுல மூன்று ராஜாக்கள் திருநாள் கொண்டாடுவோம்ல, ஜனவரி 6, அதை ஒட்டித்தான் வரும். ஆயிரக்கணக்குல ஜனம் வரும், முன்னாடி நிஜமான ரேஸ்காரங்க, பின்னாடி குழந்தை குட்டியோட நடக்கிறவங்க, திருவிழாக் கூட்டம்தான். இத்தாலில போட்டிப் பிரிவுல ஓடணும்னா பொதுவா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, நடக்கிற பிரிவுக்கு அந்தத் தொல்லை இருக்காது. முதல் தடவை அதுலயே போங்க. விசாவைக் கடைசி மாசத்துக்கு விட்டுடாதீங்க.

ப்ராக்டிஸுக்கு உங்க வீட்டு வாசல்லயே மருந்து இருக்கு, மணல். ஈர மணல் இல்ல, மேல இருக்கிற காஞ்ச மணல். கால் புதையும், தள்ளினா பின்னாடி சரியும், ஆடுசதை கத்தும், பனியும் கிட்டத்தட்ட அதே பாடுதான் படுத்தும். வாரத்துக்கு ரெண்டு நாள், இருபது நிமிஷத்துல ஆரம்பிங்க, ஷூ போட்டே ஓடுங்க, கண்ணாடித் துண்டு கிடக்கும். ஆனா மணல்ல பழகாத ஒண்ணு இருக்கு, காலை அகட்டித் தூக்கி வைக்கிறது. ஸ்னோஷூல மறுநாள் வலிக்கிறது இடுப்புக்கு முன்பக்கம், தொடை மேல் மூலைல. அதுக்கு மாடிப்படி ஏறுங்க, முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நின்ன இடத்துலயே ஓடுங்க. அக்கா வீட்டுக்கு ரேஸுக்கு நாலு நாள் முன்னாடியாவது போயிடுங்க, ரெண்டு தடவை மாட்டி ஓடிப் பாத்தா கால் புரிஞ்சுக்கும்.

பனியில்லாம ஸ்னோஷூ மாட்டுற ஆளுங்களும் இருக்காங்க தெரியுமா? அமெரிக்காவுல விஸ்கான்சின்ல லேக் டோமஹாக்னு ஒரு சின்ன ஊரு, கோடைகாலத்துல திங்கக்கிழமை சாயங்காலம் ஆனா மரத்தூள் கொட்டின கிரவுண்டுல ஸ்னோஷூ மாட்டிக்கிட்டு பேஸ்பால் ஆடுவாங்க, 1961-ல இருந்து. ஓடறவன் விழுறதைப் பாக்கத்தான் பாதிக் கூட்டம். மெரினால இதை யாராவது ஆரம்பிச்சா நான் டிக்கெட் எடுத்து வருவேன்.

இது ஒலிம்பிக்ஸ்ல இருக்கா? இந்தியாவுல யாராவது ஓடுறாங்களா?
- வாசகர், சேலம்

ஒலிம்பிக்ஸ்ல கிடையாது. உலக சாம்பியன்ஷிப் தனியா நடக்குது, 2017-ல நியூயார்க் மாநிலத்துல சரனாக் லேக்ல நடந்துச்சு. வட துருவத்தை ஒட்டின ஊர்க்காரங்களுக்குன்னு ஆர்க்டிக் வின்டர் கேம்ஸ்னு ஒண்ணு 1970-ல இருந்து இருக்கு, அதுல ஸ்னோஷூ ஓட்டமும் உண்டு, ஸ்னோஷூல ஓடிப் போய் துப்பாக்கியால சுடுற பயாத்லானும் உண்டு, மரமும் வாரும் வச்சுச் செஞ்ச பழைய பாணி ஷூவோட.

இந்தியாவுல 2020-ல குல்மார்க்ல நடந்த முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுல ஸ்னோஷூ இருந்துச்சு. ஆனா எனக்குப் பிடிச்சது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான போட்டி, அதுல ஸ்னோஷூ ஓட்டம் ஒரு முக்கியமான ஐட்டம், நம்ம தடகளம் மாதிரியே 100, 200, 400 மீட்டர், ரிலேன்னு எல்லாம் உண்டு. 2025 மார்ச்ல இத்தாலில டூரின்ல நடந்ததுல எல்லா விளையாட்டும் சேத்து இந்தியா 33 மெடலோட வந்துச்சு. நம்ம பேப்பர்ல எந்தப் பக்கத்துல போட்டாங்கன்னு தேடிப் பாருங்க, எனக்கு வயித்தெரிச்சல்.

ரேஸ் அன்னிக்கு என்ன சாப்பிடறது? தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போனா உறைஞ்சு போகாதா?
- வாசகி, மிசிசாகா

நான் ரெண்டு மணி நேரம் முன்னாடி மூணு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தூவி, சாம்பார் இல்லாம. உங்களுக்கு எது ஒத்துக்குமோ அது, புதுசா எதையும் அன்னிக்கு ட்ரை பண்ணாதீங்க. 5 கிலோமீட்டருக்கு வழியில தண்ணியே தேவைப்படாது, ஆனா குளிர்ல தாகம் தெரியாதுங்கறதால காலைலயே குடிச்சுக்குங்க. பெரிய தூரம்னா வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி பாட்டிலைத் தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், தலைகீழா இருந்தா மூடிப் பக்கம் திறந்திருக்கும். குழாய் வச்ச பை எல்லாம் குழாயிலேயே உறைஞ்சுடும். எனர்ஜி ஜெல் கல்லாயிடும், மிட்டனுக்குள்ள வைங்க. போனும் உள்பாக்கெட்ல, இல்லன்னா 60 பர்சென்ட் சார்ஜ்லயே செத்துப் போகும்.

எவ்வளவு கலோரி சார் எரியும்?
- வாசகர், பிராம்ப்டன்

ரோட்ல ஓடறதைவிட ஜாஸ்தி. வீட்டுக்கு வந்து நீங்க சாப்பிடப் போறது அதைவிட ஜாஸ்தி.

எனக்கு 52 வயசு, மெதுவாத்தான் ஓடுவேன், பாதி தூரம் நடப்பேன். ஆட்டவாவுக்கு எதிர்க்கரையில கட்டினோ பார்க்ல வாராவாரம் ஸ்னோஷூல நடக்கிறோம், என் வீட்டுக்காரர்தான் "ஒரு தடவை ரேஸ் போலாம்"ங்கிறார். கடைசியா வந்தா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்களேன்னு கூச்சமா இருக்கு.
- வாசகி, கட்டினோ

வாராவாரம் நடக்கிறீங்கன்னா மேல கேள்வி கேட்ட அந்த 58 நிமிஷக்காரரைவிட நீங்கதான் தயாரா இருக்கீங்க. பாதி தூரம் நடக்கிறதா? ஏத்தத்துல ஜெயிக்கிறவங்களே நடப்பாங்க, நான் பாத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு, ப்ராக்டிஸ் ஓட்டத்தை ஸ்கீ பாதை மேல வச்சுக்காதீங்க, அவங்க மெஷின் வச்சு கோடு போட்டு வச்சிருப்பாங்க, அதுல கால் வச்சா அந்த ஊர்ல ஃப்ரெஞ்ச்ல திட்டு விழும், நியாயமான திட்டு.

கடைசியா வர்றதைப் பத்தி. என் முதல் ரேஸ்ல எனக்குப் பின்னாடி ரெண்டே பேர்தான், ஒரு எழுபது வயசுப் பாட்டி, இன்னொருத்தர் பாதையில வச்ச கொடி எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டே வந்த வாலன்டியர். அவரை ஆள் கணக்குல சேக்கலாமான்னு தெரியல. பாட்டி கடைசி இறக்கத்துல என்னைத் தாண்டிட்டாங்க, "ட்ராக்!"னு கத்திட்டு. முடிச்சுட்டுப் போறப்ப கொட்டகையில கியூபெக்காரங்க செய்யற மஞ்சப் பட்டாணி சூப் ஊத்திட்டிருந்தாங்க, நம்ம கெட்டிப் பருப்பு மாதிரியே இருக்கும், கடுகு தாளிக்காத குறைதான். சீக்கிரம் வந்தவங்களுக்கெல்லாம் மேல இருந்த தெளிவு. நானும் பாட்டியும் போறப்ப அண்டாவைச் சாய்ச்சுத்தான் ஊத்த வேண்டியிருந்துச்சு, அடியில இருந்த கெட்டி முழுக்க எங்க ரெண்டு பேருக்கும்தான் வந்துச்சு.